காசு கொடுத்தாலும் கிடைக்காத சரக்கு

சில வருடங்களுக்கு முன்னர் ஒரு செவ்வாய்க்கிழமை. கடை திறந்து முதல் லொறி இறங்கிக் கொண்டிருந்த நேரம். ஊரிலிருந்து வந்திருந்த என் மூத்த நானா தொலைபேசியில் அழைத்தார். மதினிக்கு மார்பில் புற்றுநோய் என்று அதற்கு இரண்டு கிழமைக்கு முன்னர்தான் தெரிய வந்திருந்தது. சத்திர சிகிச்சைக்கு முன்னர் எலும்பு ஸ்கேன் எடுத்து, நோய் எலும்புகளுக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என வைத்தியர் சொல்லியிருந்தார். சுபஹோடு வேன் பிடித்து நகரத்து வைத்தியசாலைக்கு வந்தவர்களை, அடுத்த கிழமை வரும்படி திருப்பி அனுப்பி விட்டார்கள்.

"மிஷின் எல்லாம் நல்லாத்தான் ஈக்கிதாம் தம்பி. ஊசியில போடுற மருந்துதான் ப்ளேனில வரல்லையாம்" என்றார் நானா.

"வேற எடத்தில வாங்க ஏலாதா? ரெண்டு மடங்கு குடுத்தாவது எடுப்போமே" என்றேன். முப்பது வருடமாக வெங்காயமும் கிழங்கும் விற்பவனின் வாயில் வேறென்ன வரும்?

"கேட்டுப் பாத்தேன். காசு குடுத்தாலும் இல்லையாம்."

காசு கொடுத்தாலும் இல்லாத சரக்கு என்று ஒன்று இருக்கிறதா? யுத்த காலத்திலும் கூட, விலை கொடுத்தால் எங்காவது ஒரு மூடை கிடைத்தது. எனக்கு அந்த வார்த்தை மனதில் கொளுவிக் கொண்டது. பிறகு வைத்தியசாலையில் வேலை செய்யும் தெரிந்த பிள்ளைகளிடம் கேட்டும், கிடைத்ததை எல்லாம் வாசித்தும் இந்தச் சரக்கின் கதையைத் தேடிப் பிடித்தேன். வியாபாரிகளாகிய நாம் கட்டாயம் அறிந்திருக்க வேண்டிய கதை என்பதால் இந்த வாரம் அதை எழுதுகிறேன்.

மணிக்கு ஒரு வீதம் கரையும் பொருள்

அந்த ஊசி மருந்தின் பெயர் டெக்னீசியம்-99எம். பாடசாலைப் புத்தகத்தில் சமதானி என்று படித்திருப்போம். வைத்தியசாலைகளில் ஐசோடோப் என்கிறார்கள். எலும்பைத் தேடிப் போகும் ஒரு மருந்தோடு இதைச் சேர்த்து இரத்தத்தில் ஏற்றுவார்கள். இரண்டு மூன்று மணித்தியாலங்களில் அது எலும்புகளில் போய்ப் படியும். எங்கே எலும்பு வழமைக்கு மாறாக வேலை செய்கிறதோ அங்கே கூடுதலாகப் படியும். அதிலிருந்து வரும் கதிரை ஒரு விசேட கமரா படம் பிடிக்கும். உலகில் அணு மருத்துவ முறையில் செய்யப்படும் பரிசோதனைகளில் சுமார் 80 வீதம் இந்த ஒரே பொருளைக் கொண்டுதான் நடக்கின்றன. வருடத்துக்கு மூன்று கோடிக்கும் மேற்பட்ட பரிசோதனைகள்.

இதன் சிறப்பே இது சீக்கிரம் அழிந்து விடுவதுதான். ஆறு மணித்தியாலத்தில் பாதியாகும். ஒரு நாள் கழிந்தால் பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும். நோயாளியின் உடம்பில் நீண்ட நாள் கதிர் தங்காது என்பதால் அவருக்கு அது நல்லது. ஆனால் வியாபாரிக்கு? காலையில் வாங்கி மாலையில் விற்க முடியாத பொருள் இது.

அதனால் இதை நேரடியாக அனுப்புவதில்லை. இதன் 'தாய்' என்று சொல்லக்கூடிய மொலிப்டினம்-99 என்ற பொருளைத்தான் அனுப்புகிறார்கள். அது 66 மணித்தியாலத்தில் பாதியாகும். ஈயக் கவசத்துக்குள் ஒரு சிறு குழாயில் அதை அடைத்து வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். இதற்கு ஜெனரேட்டர் என்று பெயர். மின்சார ஜெனரேட்டர் அல்ல. உள்ளே மொலிப்டினம் கொஞ்சம் கொஞ்சமாக டெக்னீசியமாக மாறிக் கொண்டிருக்கும். காலையில் உப்பு நீரைச் செலுத்தினால் டெக்னீசியம் கழுவுப்பட்டு வெளியே வரும். அடுத்த நாள் மீண்டும் ஊறியிருக்கும். அதனால்தான் அங்கு வேலை செய்பவர்கள் இதற்குப் 'பால் கறப்பது' என்று சொல்கிறார்கள். ஒன்று, இரண்டு கிழமைக்குள் பசு வற்றி விடும். புதிய பசு வர வேண்டும்.

இந்த மொலிப்டினமும் மணிக்கு ஒரு வீதம் கரைகிறது. இன்று 100 இருந்தால் நாளை 78. ஆறு நாளில் 22. எனவே இந்தத் தொழிலில் விலை பேசும் அளவே விசித்திரமானது. 'ஆறு நாள் கியூரி' என்று சொல்கிறார்கள். அதாவது, சரக்கு தொழிற்சாலையை விட்டு வெளியேறி ஆறு நாள் கழித்து எவ்வளவு மிஞ்சியிருக்குமோ அதற்குத்தான் காசு. 100 அளவுக்குக் காசு வாங்க வேண்டுமானால் 450க்கும் மேல் அனுப்ப வேண்டும். கரைந்து போனது பாதைக்குச் சொந்தம்.

நமது நாலாம் குறுக்குத் தெருவில் வெங்காய மூடை அழுகினால் இரண்டு நாளைக்கு மலிவாகவாவது தள்ளி விடலாம். இங்கே அதுவும் முடியாது. குளிர் அறையில் வைத்தாலும் கரைவது நிற்காது. பஞ்ச காலத்துக்கென்று ஒரு பெட்டி பதுக்கி வைக்கவும் முடியாது. களஞ்சியமே இல்லாத வியாபாரம் இது.

சந்தை இல்லை என்று விட்ட பொருள்

இந்த ஜெனரேட்டரை 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுகூடத்தில் உருவாக்கினார்கள். 1958இல் காப்புரிமை எடுப்பது பற்றிப் பேச்சு வந்தபோது, இது பெரும்பாலும் ஆய்வுகூடத்துக்கே பயன்படும், காப்புரிமை எடுக்கும் அளவுக்குச் சந்தை இருக்கும் என்று தெரியவில்லை என்று சொல்லி அரச தரப்பு கைவிட்டு விட்டது. பிற்காலத்தில் கோடிக்கணக்கான நோயாளிகளுக்குப் பயன்பட்ட பொருள். சந்தையைக் கணிப்பதில் படித்தவர்களும் தவறுவார்கள் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

மொலிப்டினம் எங்கிருந்து வருகிறது? யுரேனியம் பூசிய தகடுகளை அணு உலையில் சுமார் ஒரு கிழமை வைப்பார்கள். நூறு யுரேனிய அணுக்கள் பிளந்தால் ஆறு அளவில் மொலிப்டினம்-99 கிடைக்கும். தகட்டை எடுத்து, கரைத்து, பிரித்து, ஜெனரேட்டர் செய்யும் நிறுவனத்துக்கு அனுப்பி, அங்கிருந்து விமானம், லொறி, வைத்தியசாலை. இந்தச் சங்கிலி முழுவதும் ஓட வேண்டும். ஒரு கண்ணி அறுந்தாலும் அடுத்த கிழமை எங்கோ ஒரு நோயாளி வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

அந்த முதல் கண்ணியில்தான் விபரீதம். 2009ஆம் ஆண்டளவில் உலகத் தேவையில் 90 வீதத்துக்கு மேல் ஐந்தே ஐந்து அணு உலைகளிலிருந்து வந்தது. கனடாவின் சோக் ரிவர் என்ற இடத்திலுள்ள என்.ஆர்.யூ உலை 1957இல் தொடங்கியது. நெதர்லாந்தின் பெட்டன் உலை 1961. பெல்ஜியத்தின் மோல் உலையும் அதே காலத்தது. தென்னாபிரிக்காவின் சபாரி 1965, பிரான்ஸின் ஒசிரிஸ் 1966. ஒன்றுகூட நாற்பது வயதுக்குக் குறைந்ததல்ல. ஐந்து பழைய லொறிகளை வைத்துக் கொண்டு நாடு முழுவதற்கும் அரிசி ஏற்றுவதாக யாராவது சொன்னால் நாம் என்ன சொல்வோம்?

பட்ட காலிலே படும்

முதல் எச்சரிக்கை 2007இல் வந்தது. அந்த நவம்பரில் வழமையான பராமரிப்புக்காக மூடிய கனடா உலையில், நீர் குளிர்விக்கும் பம்பிகளுக்கு அவசர மின் இணைப்புக் கொடுக்கப்படாமல் இருப்பது தெரிய வந்தது. பாதுகாப்பு ஆணைக்குழு, அதைச் சரி செய்த பிறகுதான் திறக்கலாம் என்றது. வைத்தியசாலைகளில் தட்டுப்பாடு வந்ததும் கனடாப் பாராளுமன்றம் டிசம்பரில் அவசரச் சட்டம் போட்டு உலையைத் திறக்க வைத்தது. ஆணைக்குழுவின் தலைவி 2008 ஜனவரியில் அப்பதவியிலிருந்து நீக்கப்பட்டார். மருந்தும் வேண்டும், பாதுகாப்பும் வேண்டும். மாற்று வழி இல்லாதவனுக்கு இரண்டில் ஒன்றைத்தான் தெரிவு செய்ய முடியும் என்பதை உலகம் அன்று கண்டது.

கனடாவிடம் மாற்று வழிக்கான திட்டம் இல்லாமலில்லை. மேப்பிள் என்ற பெயரில் இரண்டு புதிய உலைகளைக் கட்டினார்கள். பரிசோதித்தபோது அவை வடிவமைத்தவர்கள் எதிர்பார்த்தபடி நடந்து கொள்ளவில்லை. காரணமும் பிடிபடவில்லை. 2008 மே மாதத்தில் இரண்டையும் கைவிட்டார்கள்.

சரியாக ஒரு வருடம் கழித்து, 2009 மே மாதத்தில், பழைய என்.ஆர்.யூ உலையில் கனநீர் கசிவு கண்டுபிடிக்கப்பட்டது. உலகத் தேவையில் சுமார் மூன்றில் ஒரு பங்கைக் கொடுத்த உலை பதினைந்து மாதம் மூடிக் கிடந்தது. சுமையைத் தாங்க வேண்டிய பெட்டன் உலையும் 2010 பெப்ரவரியில் குழாய்த் திருத்த வேலைக்காக மூடப்பட்டு செப்டெம்பரில்தான் திறந்தது. இரு பெரிய உலைகளும் ஒரே நேரத்தில் இல்லை. அதற்கு நடுவில், ஏப்ரலில் ஐஸ்லாந்தில் எரிமலை வெடித்து ஐரோப்பாவின் வான்வழி பல நாட்கள் முடங்கியது. விமானத்தை நம்பிய சரக்குக்கு இதைவிட வேறு என்ன சோதனை வேண்டும்?

மற்ற உலைகள் கூடுதலாக உழைத்தன. போலந்தின் மரியா உலையும், செக் குடியரசின் உலையொன்றும் 2010இல் புதிதாக இந்த வேலையில் சேர்ந்தன. அப்படித்தான் சமாளித்தார்கள்.

திருப்பி அனுப்பப்பட்டவர்கள்

அந்தக் காலத்தில் வைத்தியர்கள் நோயாளிகளை வரிசைப்படுத்த வேண்டியதாயிற்று. யாருக்கு இன்றே வேண்டும், யாருக்கு அடுத்த கிழமை வரை பொறுக்கலாம் என்று பார்த்தார்கள். இருக்கும் மருந்தைக் குறைத்து ஏற்றி, கமராவின் கீழ் நோயாளியைக் கூடுதல் நேரம் படுக்க வைத்தார்கள். பெட்டி வந்து சேரும் நேரத்துக்கு ஏற்ப அதிகாலையிலும் விடுமுறை நாட்களிலும் வேலை செய்தார்கள். இருதயப் பரிசோதனைக்குப் பழைய தாலியத்துக்குத் திரும்பினார்கள். எலும்புக்குச் சில இடங்களில் பெட் ஸ்கேன் செய்தார்கள். அது நல்ல படம் தரும், ஆனால் செலவு கூட, இயந்திரமும் எல்லா இடத்திலும் இல்லை.

புற்றுநோயாளிக்கு இந்தப் பரிசோதனை ஏன் இவ்வளவு அவசியம்? மார்பு, புரொஸ்டேட், நுரையீரல் ஆகிய இடங்களில் தொடங்கும் புற்றுநோய் எலும்புக்குப் போகும் சுபாவம் உடையது. எலும்புக்குப் போயிருந்தால் சிகிச்சையின் பாதையே வேறு. தெரியாமல் கத்தி வைத்தால் வீண் வேதனை. பயந்து வைக்காமல் விட்டால் பிழைக்கக் கூடியவரையும் இழக்கலாம்.

இன்னொன்றும் உண்டு. மார்புப் புற்றுநோயில், கட்டிக்கு அருகே இந்த மருந்தை ஏற்றி, அது முதலில் போய்ச் சேரும் கழலையைக் கண்டுபிடித்து அதை மட்டும் எடுத்துப் பார்ப்பார்கள். அதில் நோய் இல்லையென்றால் அக்குளின் மற்றக் கழலைகளை வெட்டத் தேவையில்லை. வெட்டினால் சிலருக்கு ஆயுள் முழுவதும் கை வீங்கிக் கிடக்கும். ஒரு துளி டெக்னீசியம் ஒரு தாயின் கையைக் காப்பாற்றுகிறது.

வியாதி விலையில் இருந்தது

இவ்வளவு அவசியமான பொருளுக்கு ஏன் புதிய உலைகள் கட்டப்படவில்லை? கேள்வி இருக்கிறது, நிரம்பல் குறைவு. நமது தெருவாக இருந்தால் மறுநாளே பத்துப் பேர் இறங்கியிருப்பார்கள்.

2009இல் ஒஈசீடீ நாடுகளின் அணுசக்தி முகவர் நிலையம் இதை ஆராய ஓர் உயர்மட்டக் குழுவை அமைத்தது. அந்தக் குழு கண்டறிந்தது வியாபாரிகள் எல்லோரும் வாசிக்க வேண்டிய ஒன்று. இந்த உலைகள் யாவும் ஆராய்ச்சிக்காக அரசாங்கங்கள் மக்கள் வரிப் பணத்தில் கட்டியவை. மருத்துவப் பொருள் ஓர் உப வருமானம். அதனால் உலைக்காரர்கள் தகடு வைத்து எடுப்பதற்கு மட்டும் சிறு கூலி வாங்கினார்கள். கட்டடம், இயந்திரத் தேய்மானம், பிற்காலத்தில் உலையை அகற்றும் செலவு, கழிவு எதுவும் விலையில் சேரவில்லை. நோயாளியின் பரிசோதனைக்கு ஆகும் மொத்தச் செலவில் உலைக்குப் போனது ஒரு வீதத்துக்கும் குறைவு.

சொந்தக் கட்டடத்தில் வாடகை இல்லாமல் கடை நடத்துபவர், வாடகையைக் கணக்கில் சேர்க்காமல் மலிவாக விற்பதை நாம் கண்டிருக்கிறோம். பக்கத்தில் வாடகை கொடுத்துக் கடை போட யாராலும் முடியாது. அவர் கடையும் கூரை ஒழுகும்வரைதான் ஓடும். கூரை மாற்ற அவரிடம் பணம் சேர்ந்திருக்காது. உலகத்தின் டெக்னீசியம் வியாபாரம் ஐம்பது வருடம் இப்படித்தான் நடந்தது. தனியார் முதலிடத் தயங்கினார்கள். அந்த விலைக்கு முதலிட்டவன் நட்டப்படுவான். உலகப் பாவனையில் சுமார் பாதியைப் பாவித்த அமெரிக்காவே 1989க்குப் பின்னர் சொந்தமாக உற்பத்தி செய்யாமல் வாங்கியே காலம் கழித்தது. மலிவாகக் கிடைக்கும்போது எதற்குச் செய்ய வேண்டும்?

குழு இரண்டு வழிகளைச் சொன்னது. ஒன்று, உண்மையான முழுச் செலவையும் விலையில் சேர்க்க வேண்டும். இரண்டாவது, ஓர் உலை நின்றால் இன்னொன்று தூக்கிக் கொடுக்கும்படி சும்மா வைத்திருக்கும் உற்பத்தித் திறனுக்கும் காசு கொடுக்க வேண்டும். இரண்டாவது யோசனை என்னைச் சிந்திக்க வைத்தது. சேமித்து வைக்க முடியாத பொருளுக்குக் களஞ்சியம் என்பது மேலதிகத் திறன்தான். தயாராக நிற்கும் இரண்டாவது லொறிக்கும் ஓட்டுநருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். அது வீண் செலவல்ல, காப்புறுதி.

இன்னும் முடியவில்லை

அதற்குப் பிறகு எல்லாம் சீராகி விட்டதா? ஓரளவுக்கு. அவுஸ்திரேலியா 2007இல் திறந்த ஓபல் என்ற புதிய உலையைக் கொண்டு உற்பத்தியைக் கூட்டியது. வாங்குபவர்கள் ஒரே இடத்தை நம்பாமல் பல இடங்களில் ஒப்பந்தம் செய்தார்கள். கனடா உலையின் சரக்கையே பெரும்பாலும் நம்பியிருந்த அமெரிக்காவின் லான்தியஸ் நிறுவனம், 2009இல் பட்ட அடிக்குப் பின்னர் பல நாடுகளிலிருந்தும் வாங்கத் தொடங்கியது. ஆனால் பிரான்ஸின் ஒசிரிஸ் 2015 இறுதியில் மூடப்பட்டது. கனடாவின் என்.ஆர்.யூ 2016இல் இந்த உற்பத்தியை நிறுத்தி, 2018 மார்ச்சில் நிரந்தரமாக மூடப்பட்டது. தென்னாபிரிக்க உற்பத்தி நிலையம் 2017 நவம்பரிலிருந்து பல மாதங்கள் தடைப்பட்டது. 2022 ஜனவரியிலும் 2024 ஒக்டோபரிலும் பெட்டன் உலையில் கோளாறுகள் வந்து மீண்டும் தட்டுப்பாடு ஏற்பட்டது. பெட்டனில் பல்லாஸ் என்ற புதிய உலையைக் கட்டும் வேலை நடக்கிறது. அமெரிக்காவில் நோர்த்ஸ்டார் நிறுவனம் 2018இல் உள்நாட்டு உற்பத்திக்கு அனுமதி பெற்றும், 2023இல் அதை நிறுத்திக் கொண்டது. அரச உதவி பெற்ற பழைய உலைகளோடு விலையில் போட்டி போடுவது இன்றும் லேசான காரியமல்ல.

இலங்கையில் இந்தச் சரக்கைச் செய்யும் அணு உலை இல்லை. வருவதெல்லாம் வானத்திலிருந்துதான் இறங்க வேண்டும். வரிசையின் கடைசியில் நிற்பவர்கள் நாம். முன்னால் நிற்பவர்களுக்கே போதாதபோது எமக்கு என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை.

நாம் எடுத்துக் கொள்ள வேண்டியவை

முதலாவது, கடைக்கு. உங்கள் வியாபாரத்தின் பிரதான சரக்கு எத்தனை கைகளிலிருந்து வருகிறது என்று இன்றிரவு கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். 2023 டிசம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதியைத் தடை செய்தபோது எங்கள் தெரு பட்ட பாடு மறந்திருக்காது. பாகிஸ்தான்காரனிடமும் சீனாக்காரனிடமும் பழகி வைத்திருந்தவர்கள் தப்பினார்கள். கிலோவுக்குச் சில ரூபாய் கூடக் கொடுத்தாவது இரண்டாவது கதவைத் திறந்து வைத்திருப்பது நட்டமல்ல. அடிமாட்டு விலைக்குக் கிடைக்கும்போது, அந்த மீதிப் பணத்தை யார் கட்டுகிறார் என்றும் கேட்க வேண்டும். யாரோ ஒருவர் கட்டுகிறார். அவர் நிறுத்தும் நாளில் நாம் தெருவில் நிற்போம்.

இரண்டாவது, வீட்டுக்கு. இப்படியான ஸ்கேனுக்கு நாள் குறித்திருந்தால், முதல் நாளே தொலைபேசியில் கேட்டு மருந்து வந்து விட்டதா என்று உறுதிப்படுத்திக் கொண்டு புறப்படுங்கள். போக முடியாவிட்டால் முன்கூட்டியே அறிவியுங்கள். உங்களுக்கென்று ஊற்றி வைத்த மருந்தை நாளைக்கு வைக்க முடியாது. அன்று காத்திருக்கும் இன்னொரு நோயாளிக்கு அது போய்ச் சேரட்டும்.

மூன்றாவது, கொடுப்பவர்களுக்கு. மஹரகம புற்றுநோய் வைத்தியசாலைக்குப் பெட் ஸ்கேனர் வாங்க 2016ஆம் ஆண்டளவில் நிதி திரட்டியபோது எல்லாச் சமூகத்தவரும் அள்ளிக் கொடுத்தார்கள். நம் வியாபாரிகள் பலரும் பின்னிற்கவில்லை. பெட் ஸ்கேனுக்கும் கதிரியக்க மருந்து வேண்டும். அதில் பெரும்பாலும் பாவிக்கப்படும் புளோரின்-18 இரண்டு மணித்தியாலத்துக்குள் பாதியாகி விடும். இயந்திரம் ஒரு தடவை வாங்குவது. மருந்தும் திருத்த வேலையும் ஒவ்வொரு கிழமையும் வேண்டும். இயந்திரத்துக்குப் பெயர்ப் பலகை போடலாம், மருந்துக்குப் போட முடியாது. ஆனாலும் அடுத்த முறை கொடுக்கும்போது அந்த இரண்டாவது செலவையும் நினைத்துக் கொடுங்கள். மருந்தில்லாத இயந்திரம் பூட்டிய கடைதான்.

மதினிக்கு ஒன்பது நாள் கழித்து ஸ்கேன் எடுத்தார்கள். எலும்பில் ஒன்றும் இருக்கவில்லை, அல்ஹம்துலில்லாஹ். சத்திர சிகிச்சையும் நடந்து இன்று பேரப் பிள்ளைகளோடு இருக்கிறார். அந்த ஒன்பது நாட்களைப் பற்றி ஒருமுறை அவரிடம் கேட்டேன். "வருத்தத்துக்கு நான் பயப்படல்ல. எங்க ஈக்கிது என்டு தெரியாம ராவைக்குப் படுக்கிறதுதான் ஏலாமப் போன" என்றார்.

மணிக்கு ஒரு வீதம் கரையும் சரக்கு பிந்தினால், இன்னொரு பக்கத்தில் கரைவது இதுதான். இது எந்தக் கணக்குப் புத்தகத்திலும் வருவதில்லை.